தெரியாது என்று சொல்லும் துணிவு

தலை நரைத்த ஒருவரிடம் வந்து இளையோர் ஐயம் கேட்கும்போது, "அது நமக்குத் தெரியாது" என்று விடை கூறுவதற்கு ஒரு தனித் துணிவு வேண்டும். இளமையில் இச்சொல் எளிதாக வாயில் வரும். தெரியாததில் வெட்கமில்லை, கற்றுக்கொள்ளக் காலம் இருக்கிறது என்ற நம்பிக்கை அப்போது உண்டு. அறுபதைக் கடந்த பின்னரோ, அச்சொல் நாவில் எழ மறுக்கிறது. இத்தனை ஆண்டு வாழ்ந்தும் இது தெரியவில்லையா என்று பிறர் எண்ணுவரோ என்னும் அச்சம் குறுக்கே நிற்கிறது. இத்திங்கள் இதைப் பற்றியே அன்பர்களோடு பேச விரும்புகிறோம். பிறரைக் குறை கூறுவதற்காக அன்று. நாமே செய்த ஒரு பிழையை ஒப்புக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மூணாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாயும் மகளும் நம்மைத் தேடி வந்தனர். தாய் கொழுந்தெடுப்பவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியிருந்தாள். கேரளத்துக் கல்லூரி ஒன்றில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட இடத்துக்கு விண்ணப்பிக்க எண்ணினாள். அதற்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்கவே இருவரும் வந்திருந்தனர்.

நாம் ஒரு நொடியும் தயங்கவில்லை. "உன் அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கத்தில் வாங்கிய சான்றிதழ் இருக்கிறதல்லவா? அது போதும் அம்மா, வீணாக அலையாதே" என்று சொல்லி அனுப்பினோம். அவ்வாறு சொல்வதற்கு நம்மிடம் இருந்த ஆதாரம் யாது? நம் வாலிபப் பருவத்தில் நண்பர் ஒருவர் தமிழ்நாட்டில் வேலைக்கு விண்ணப்பித்தார். அங்கே அத்தகைய சான்றிதழ் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவ்வளவே. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தில் வேறொருவருக்குப் பயன்பட்ட ஒன்றை, இன்று இங்கே இப்பெண்ணுக்கும் பயன்படும் என்று நாம் எடுத்துச் சொல்லிவிட்டோம்.

உண்மை வேறாக இருந்தது. பட்டியல் சாதிகளைக் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை 10-8-1950 அன்று பிறந்தது. அப்பட்டியல் நாடு முழுமைக்கும் பொதுவானதன்று, மாநிலந்தோறும் தனித்தனியானது. ஒரே பெயருடைய சாதி இரு மாநிலப் பட்டியல்களிலும் இருப்பினும், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தவர் முன்னதில் பெற்ற சான்றிதழைக் காட்டிப் பின்னதில் ஒதுக்கீடு பெற முடியாது. 1990-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆதலின் கேரளத்தில் அவ்வுரிமையைப் பெற விரும்பும் குடும்பம், தன் முன்னோர் 10-8-1950-க்கு முன்னரே இந்நிலத்தில் குடியேறி வாழ்ந்தவர்கள் என்பதைக் காட்ட வேண்டியிருக்கிறது. இது ஏழைத் தொழிலாளிக்கு மட்டும் உள்ள தொல்லையன்று. 2021-இல் தேவிகுளம் தனித் தொகுதியில் நடந்த சட்டமன்றத் தேர்தலே வழக்குக்கு உள்ளாயிற்று. 2023-இல் உயர்நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. 2025-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றித் தேர்தல் செல்லும் என்றது. வென்றவருடைய முன்னோர் எப்போது இம்மலைக்கு வந்தனர் என்பதும் அவ்வழக்கில் ஆராயப்பட்ட வினாக்களுள் ஒன்று.

அப்பெண்ணின் பாட்டனார் 1950-க்கு முன்னரே தோட்டத்தில் பெயர் பதிந்தவர்தாம். பழைய பதிவேட்டின் நகலை உரிய நேரத்தில் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். நம் சொல்லை நம்பி அவர்கள் தேடவில்லை. விண்ணப்பம் திருப்பப்பட்டது. பின்னர் ஓடியலைந்து தாள்களைச் சேர்ப்பதற்குள் சேர்க்கைக்குரிய நாள் கடந்துவிட்டது. அவளுக்கு ஓராண்டு வீணாயிற்று. மறு ஆண்டில் இடம் கிடைத்தது என்பது உண்மையே. ஆயினும் இடைப்பட்ட அவ்வாண்டில் அவள் தாயுடன் கொழுந்தெடுக்கச் சென்றாள் என்று கேள்வியுற்றபோது நமக்குச் சோறு இறங்கவில்லை.

மன்னிப்புக் கேட்கச் சென்றோம். தாய் ஒன்றும் சொல்லவில்லை, காப்பி கொடுத்தார். மகள்தான் மெல்லச் சொன்னாள்: "பரவாயில்லை தாத்தா. தெரியாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்க வேற யாரையாச்சும் கேட்டிருப்போம்." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நமக்கு அத்தனை சுட்டிராது.

அன்றுமுதல் இதைப் பற்றிப் பலமுறை எண்ணிப் பார்த்தோம். இப்பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

குடிபெயர்ந்து வந்த குடும்பங்களில் மூத்தோர்க்கு ஓர் உயர்ந்த இடம் வாய்த்தது இயற்கையே. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறி வந்தவர்களுக்கும், பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வழியே பாலக்காட்டுச் சீமைக்கு வந்தவர்களுக்கும், முன்னே வந்தவரே வழிகாட்டி. எந்த வண்டி எங்கே நிற்கும், ரேஷன் அட்டைக்கு யாரைப் பார்ப்பது, மலையாளத்தில் வந்த கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பனவெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நாமும் அப்படித்தான் பலருக்கு உதவினோம். அக்காலத்தில் நம் அறிவு பொய்யானதன்று. அதனால் பிழைத்த குடும்பங்கள் உண்டு. ஆனால் கேட்கப்படுகிற வழக்கம் நீடித்தபோது, விடை சொல்கிற வழக்கமும் நீடித்தது. இடையே விடைகள் மாறிப்போனதை நாம் கவனிக்கவில்லை.

உளநூல் அறிஞர் ரேமண்ட் கேட்டல் என்பார் அறிவாற்றலை இருவகையாகப் பிரித்தார். பல்லாண்டு படித்தும் பழகியும் சேர்த்த அறிவு ஒன்று. முன் கண்டிராத புதிய சிக்கலை அவிழ்க்கும் ஆற்றல் மற்றொன்று. முன்னது முதுமையிலும் நெடுங்காலம் குறையாமல் நிற்கும். சொல்வளம் அதைச் சார்ந்தது. பின்னதோ இளமைக்குப் பின் மெல்ல மெல்லத் தளரும். இதை நம் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் ஆபத்து விளங்கும். முதியவரின் பேச்சு தளர்வதில்லை. தெளிவாகவும் உறுதியாகவும் வருகிறது. கேட்பவர் அப்பேச்சின் உறுதியை அறிவின் உறுதி என்று கொள்கிறார். பேசுகிற நாமும் அப்படியே கொண்டுவிடுகிறோம்.

சான்றிதழ் விஷயத்தில் பிழைத்தால் ஓராண்டு போகும். மலையும் மழையும் பற்றிய விஷயத்தில் பிழைத்தாலோ உயிரே போகும். ஆகையால் இதனை நம் மலைநாட்டின் வரலாற்றைக் கொண்டே சிறிது ஆராய்வோம்.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடமாதலின் மூணாறு எனப் பெயர் பெற்றது என்பதை அன்பர்கள் அறிவர். அவ்வூரில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியாகத் தொடங்கி, 1908-இல் நீராவி வண்டி ஓடும் குறுகிய பாதையாக அது மாற்றப்பட்டது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் அதில் சென்றன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பின் வண்டியில் போடிநாயக்கனூரை அடைந்தன. நம் முன்னோர் பலர் மலையேறி வந்ததும் அந்தத் திசையிலிருந்துதான்.

1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெருமழை பெய்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆகையால், மலையாள மக்கள் அதனைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்றே இன்றும் குறிப்பர். மலைகள் சரிந்தன, மூணாறு அழிந்தது, ரயில் பாதையும் பாலங்களும் அடித்துச் செல்லப்பட்டன. அந்த ரயில் மீண்டும் கட்டப்படவே இல்லை.

அதன்பின் 94 ஆண்டுகள் சென்று 2018 ஆகஸ்டு வந்தது. இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் அதற்கு முன் திறக்கப்பட்டது 1992-இல். 26 ஆண்டுகள் மூடிக்கிடந்த மதகுகள் 9-8-2018 அன்று திறக்கப்பட்டன; மறுநாள் ஐந்தும் திறந்தன. அந்த 26 ஆண்டுகளில் பிறந்து வளர்ந்து மணம் முடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ட ஆறு, நீர் ஓடாத ஆறு. ஆற்றின் தடத்திலேயே கடைகளும் கட்டடங்களும் எழுந்திருந்தன. ஆறோ தன் தடத்தை மறக்கவில்லை.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எழுபது வயதுடைய ஒருவர் 2018-இல் "என் ஆயுளில் இப்படிக் கண்டதில்லை" என்று சொன்னால், அது உண்மையே. அவர் பிறந்தது 1948-இல். 1924 அவருடைய ஆயுளுக்கு வெளியே இருக்கிறது. அவருடைய நினைவு பொய்யன்று. ஆனால் மலையின் நினைவோடு ஒப்பிட அது மிகச் சிறியது. "கண்டதில்லை" என்பதிலிருந்து "நடந்ததில்லை" என்றும், அதிலிருந்து "நடக்காது" என்றும் தாவுகிறோமே, அந்தத் தாவலில்தான் பிழை இருக்கிறது. வயது ஏற ஏற இத்தாவல் நமக்கு எளிதாகிறது. ஏனெனில் கண்டது மிகுந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவை நம் மக்கள் மறக்க இயலாது. இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் உறங்கிக்கொண்டிருந்தன. மேலே மலைச்சரிவில் பெயர்ந்த மண்ணும் பாறையும் நீரும் இரவோடு இரவாக அந்த லயங்கள் மீது இறங்கின. பெரியவரைப் பாலம் ஏற்கனவே மழையில் போயிருந்தது, மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் வேலை செய்யவில்லை. மறுநாள் காலையிலேயே வெளியுலகுக்குச் செய்தி எட்டியது. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழர், அவர்களுள் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பகுதி.

அங்கே உறங்கியவர்கள்மீது எவ்விதக் குற்றமும் இல்லை என்பதை அழுத்தமாகச் சொல்கிறோம். தலைமுறை தலைமுறையாக நம்மவர் வாழ்ந்தது அத்தகைய லயங்களில்தான். வேறிடம் தேடிக்கொள்ளும் வசதி தொழிலாளிக்கு ஏது? நாம் கேட்பது நம்மைத்தான். மழைக்காலத்தில் அதிகாரிகள் வந்து முகாமுக்குப் போகச் சொல்லும்போது, வீட்டு மூத்தவர் வாயிலிருந்து வரும் முதற்சொல் என்ன? "நான் பிறந்த நாள் தொட்டு இந்தப் பக்கம் மண் சரிந்ததில்லை, நீங்கள் போங்கள்" என்பதன்றோ? அவர் நகராவிட்டால் மருமகள் நகர்வதில்லை. மருமகள் நகராவிட்டால் குழந்தைகள் நகர்வதில்லை. ஒருவருடைய உறுதி ஒரு குடும்பத்தையே வீட்டுக்குள் கட்டி வைத்துவிடுகிறது.

மண் ஏன் சரிகிறது என்பதை அறிந்தால், நம் கண்களை மட்டும் நம்புவது ஏன் போதாது என்பது விளங்கும். சரிவில் உள்ள மண் தன் உராய்வாலும், வேர்களின் பிடிப்பாலும் பாறைமேல் நிற்கிறது. நாட்கணக்கில் மழை பெய்யும்போது நீர் உள்ளே இறங்கி, மண்துகள்களின் இடைவெளிகளை நிரப்புகிறது. அந்நீரின் அழுத்தம் ஓர் எல்லையைக் கடந்ததும் பிடிப்பு விட்டுப்போகிறது. அந்த எல்லை நெருங்குவது வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாது. ஐம்பது மழைக்காலங்களைத் தாங்கிய சரிவு, ஐம்பத்தொன்றாவதில் அதற்கு முன் பெய்யாத அளவு மழை பெய்தால் நில்லாமல் போகலாம். மண்ணின் ஆழமும் பாறையின் சாய்வும் தாங்கும் அளவை வகுக்கின்றன. நம் அனுபவம் அதை வகுப்பதில்லை.

இந்நாளில் வானிலைத் துறையார் மூவகை நிறங்களால் எச்சரிக்கை தருகின்றனர். இருபத்து நான்கு மணி நேரத்தில் 6.5 சென்டிமீட்டர் முதல் 11.5 சென்டிமீட்டர் வரை மழை எதிர்பார்க்கப்பட்டால் மஞ்சள். அதற்கு மேல் 20 சென்டிமீட்டர் வரை ஆரஞ்சு. அதற்கும் மேற்பட்டால் சிவப்பு. இவை எப்போதும் பலிக்கும் என்று நாம் கூறவில்லை. மூன்று முறை முகாமுக்குப் போய், ஒன்றும் நேராமல் திரும்பி, "பார்த்தாயா, நான் அப்போதே சொன்னேனே" என்று தாத்தா நகைப்பதும் உண்டு. அந்த நகைப்புத்தான் அபாயமானது. மும்முறை ஒன்றும் நேரவில்லை என்பது நான்காம் முறைக்குச் சான்றாகாது.

இவ்வளவு சொன்னதால், முதியோர் அறிவுக்கு மதிப்பில்லை என்று நாம் கூறுவதாக எவரும் எண்ணிவிடலாகாது. இதே இடுக்கி மண்ணிலும், பாலக்காட்டு மண்ணிலும் அதற்கு நேர்மாறான சான்றுகள் இருக்கின்றன.

1922-ஆம் ஆண்டில் டபிள்யூ. ஜே. ஜான் என்னும் தோட்ட மேற்பார்வையாளர் இடுக்கிக் காட்டுக்கு வேட்டையாட வந்தார். அவருக்கு வழிகாட்டியவர் கொலும்பன் என்னும் ஊராளி இனத் தலைவர். பள்ளிப் படிப்பு இல்லாத கொலும்பனுக்குக் காட்டின் ஒவ்வொரு தடமும் தெரியும். குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே பெரியாறு பாய்ந்தோடும் குறுகிய கணவாயை அவரே ஜானுக்குக் காட்டினார். இங்கே அணை கட்டலாமே என்ற எண்ணம் ஜானுக்கு அங்கேதான் உதித்தது. பல பத்தாண்டுகள் சென்று, அவ்விரு மலைகளையும் இணைத்து 168.9 மீட்டர் உயரமுள்ள வில்வடிவ அணை எழுந்தது. 1976-இல் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இடுக்கிக்கு அருகே வெள்ளப்பாறையில் கொலும்பனுக்கு நினைவிடம் இருக்கிறது.

இதில் நாம் வியப்பது ஒன்று. கொலும்பனுக்கு அணை கட்டும் கலை தெரியாது. ஜானுக்குக் காட்டின் வழி தெரியாது. தனக்கு எல்லாம் தெரியும் என்று ஜான் தனியே நடந்திருந்தால் காட்டில் வழி தவறியிருப்பார். வழி தெரியாதென்று ஒப்பி ஒருவர் பின்னே நடந்தமையால், தேடி வராத ஒன்றைக் கண்டார். ஒருவர் அறிவு முடியும் இடத்தில் மற்றவர் அறிவு தொடங்குகிறது. அந்த எல்லை எங்கே இருக்கிறதென்று இருவரும் அறிந்தால்தான் இரண்டும் சேர முடியும்.

பாலக்காட்டுப் பக்கத்துச் சான்று நெல்லைப் பற்றியது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1927-இல் பட்டாம்பியில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கிருந்த அறிஞர்கள், உழவர்கள் காலங்காலமாகப் பயிரிட்டு வந்த நாட்டு நெல் வகைகளைச் சேர்த்து, அவற்றுள் சிறந்தவற்றைத் தேர்ந்து, பி.டி.பி. என்ற எழுத்துகளோடு எண்ணிட்டு வைத்தனர். பின்னாளில் அதிக விளைச்சல் தரும் புதிய நெல்வகைகள் பரவிய ஆசிய வயல்களைப் புகையான் பூச்சி சூறையாடியது. அதைத் தாங்கும் குணம் எங்கே இருக்கிறதென்று உலகத்து விஞ்ஞானிகள் தேடியபோது, பட்டாம்பியின் பி.டி.பி. 33 கைகொடுத்தது. பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம்வரை அது சென்றது. புகையானைத் தாங்கும் குணத்துக்கு இன்றும் அது சான்று நெல்லாகக் கொள்ளப்படுகிறது.

அந்நெல்லைப் பயிரிட்டுக் காத்த பழைய உழவர்களுக்கு மரபணு என்ற சொல்லே தெரியாது. அவர்கள் விதையைக் காத்தார்கள். விஞ்ஞானிகளும், புதியதே போதும் என்று இறுமாந்திராமல், பழையதிடம் திரும்பிச் சென்றார்கள். ஆகவே, தெரியாது என்று ஒப்பும் கடமை முதியோர்க்கு மட்டும் உரியதன்று; படித்த இளையோர்க்கும் உரியதே. கைப்பேசியில் ஒன்றைப் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டதென்று பேசும் பேரனும், ஒருமுறை கண்டதை என்றும் உண்மையென்று பேசும் தாத்தாவும் ஒரே வண்டியில் செல்லும் இருவர்தாம்.

ஆயினும் நாம் முதியோர் பக்கத்தில் இருந்து எழுதுகிறோமாதலின், நமக்குரிய கடமையையே இங்கே கூறி முடிப்போம். அப்பெண்ணிடம் பட்ட பாடத்திற்குப் பின்னர், எவரேனும் ஒன்றைக் கேட்டால் விடை சொல்லுமுன் நமக்குள் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளப் பழகிவருகிறோம்.

முதற்கேள்வி: இது நமக்கு எப்போது தெரிந்தது? ஏலக்காய்ச் செடிக்கு நிழல் எவ்வளவு வேண்டும், பாலக்காட்டுக் கணவாயில் காற்று எந்தத் திங்களில் வீசத் தொடங்கும் என்பவற்றை ஆண்டுதோறும் கண்டு வருகிறோம், அவற்றைச் சொல்லலாம். சட்டமும் அரசாங்கத் தாள்களும் அப்படியல்ல. ஐந்தாண்டுக்கு முன் அறிந்த நடைமுறையும் இன்று பழையதாகியிருக்கும்.

இரண்டாம் கேள்வி: இது எங்கே உண்மையாக இருந்தது? நம் எல்லைப் பகுதியில் இதை மறக்கவே கூடாது. 1956-க்கு முன் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபாரைச் சேர்ந்தது. அதற்கு அருகிலுள்ள சித்தூர் கொச்சி அரசைச் சேர்ந்திருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தன. இந்திய விடுதலைக்குப் பின் கொச்சியும் திருவிதாங்கூரும் இணைந்தன. 1-11-1956 அன்று எல்லாம் சேர்ந்து கேரளம் ஆயின. ஆகவே ஒரு குடும்பத்தின் பழைய ஆவணம் எந்த அரசின் காலத்தது, எந்த ஊர்க் கச்சேரியில் கிடைக்கும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். சித்தூரில் மைத்துனருக்குப் பயன்பட்ட வழி தேவிகுளத்தில் தங்கைக்குப் பயன்படாமல் போகலாம்.

மூன்றாம் கேள்வி: நாம் சொல்வது தவறானால் யாருக்கு நட்டம்? தவறினால் நம் வெற்றிலைப் பாக்கு மட்டும் போகுமென்றால் துணிந்து சொல்லலாம். பிறர் பிள்ளையின் படிப்போ, மருந்தோ, உயிரோ போகுமென்றால், சொல்லுமுன் வாயை மூடிக்கொள்வதே நன்று. "இரத்த அழுத்தம் இறங்கிவிட்டதே, மாத்திரையை நிறுத்து, நான் அப்படித்தான் நிறுத்தினேன்" என்று திண்ணையில் அமர்ந்து சொல்லும் மருத்துவம் நம் வீடுகளில் மிகுதி. மாத்திரை உண்பதால்தான் அழுத்தம் இறங்கியிருக்கிறது என்பதையும், நிறுத்தினால் அது மீண்டும் ஏறக்கூடும் என்பதையும் சொல்லுகிறவர் அறிவதில்லை. கேட்டவருக்குப் பக்கவாதம் வந்தபின் அறிந்து பயன் என்ன?

இம்மூன்று கேள்விகளுக்கும் நல்ல விடை கிடைக்காதபோது, "தெரியாது" என்று சொல்லிவிடுகிறோம். தொடக்கத்தில் அது கசந்தது. சொன்னவுடன் எதிரில் இருப்பவர் முகத்தில் நம்மைப் பற்றிய மதிப்புக் குறைகிறதா என்று பார்த்தோம். குறைவதாகத் தெரியவில்லை. மாறாக, மற்றொரு நாள் "இது தெரியும்" என்று நாம் சொன்னபோது அதை அவர்கள் முன்னிலும் கவனமாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் விடை சொன்ன காலத்தில் நம் சொற்களில் எது பொன், எது பித்தளை என்று அவர்களால் பிரித்தறிய முடிந்திராது.

ஆனால் "தெரியாது" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வதும் முறையன்று. வழி தெரியாமல் வந்தவரை வாசலிலேயே நிறுத்தியதாகவே அது முடியும். குடிபெயர்ந்து வந்த நம் மக்களுக்கு அலுவலகப் படிகள் ஏறத் தயக்கம் மிகுதி. மலையாள எழுத்து ஓடாதவர் உண்டு. அதிகாரியிடம் பேச நாக்குழறுபவர் உண்டு. அவர்களுக்கு நம்மால் செய்யக்கூடிய தொண்டு இன்னும் இருக்கிறது. விடை சொல்வதில் அதைச் செய்ய முடியாவிட்டால், விடை இருக்கும் இடத்திற்கு உடன் செல்வதில் செய்யலாம்.

சென்ற திங்கள் அந்தத் தாய் மீண்டும் வந்திருந்தார். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள் நெருங்குகிறது; தமக்கு வரவேண்டிய தொகைகளைப் பற்றிக் கேட்டார். பழைய நினைவில் ஒரு கணக்கு நம் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, "இது நமக்குத் தெரியாது அம்மா. தெரிந்தவர் இருக்கிறார், நாளைக் காலை வண்டிக்கு வா, இருவருமாகப் போய்க் கேட்டு வருவோம்" என்றோம். அவர் சிரித்தார். "அப்படியே செய்வோம் ஐயா, மகளும் இதைத்தான் சொல்லி அனுப்பினா" என்றார்.

மறுநாள் போனோம். நாம் விழுங்கிய கணக்கு தவறானது என்பதை அங்கே அறிந்துகொண்டோம்.